காயலான் கடைக்குப் போட வேண்டாம்

ராமநாதபுரம் மாவட்டத்தில், மாட்டுக் கொட்டகை ஓரத்திலும் வேப்பமரத்தடியிலும் ஹீரோ இம்பல்ஸ் வண்டியை நிறுத்தி வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் தம்பி தங்கைகளுக்கும்,



உங்கள் வண்டியின் ஆர்.சி.யை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இம்பல்ஸ் விற்பனைக்கு வந்தது 2011-இன் பிற்பகுதியில். முதல் ஓராண்டுக்குள் வாங்கியவர்களுக்கு 2026, 2027-இல் 15 வருஷப் பதிவுக் காலம் முடிகிறது. வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி இன்னும் 5 வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும், இன்சூரன்ஸ் விட்டுப்போயிருந்தால் அதையும் போட வேண்டும். இந்தச் செலவையெல்லாம் கூட்டிப் பார்த்ததும் வீட்டில் என்ன பேச்சு எழும் என்று எனக்குத் தெரியும். "ஓடாத வண்டிக்கு எதுக்கு இத்தனை செலவு? காயலான் கடையில போட்டுட்டு ஒரு எக்ஸ்.எல். வாங்கலாம்ல?" அப்படிப் போட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

இம்பல்ஸ் பெரிய வண்டி இல்லை. 149.2 சிசி, காற்றில் குளிரும் இன்ஜின், 13 குதிரைத்திறனை ஒட்டிய சக்தி, 134 கிலோ எடை. ஆனால் முன்சக்கரம் 19 அங்குலம், பின்சக்கரம் 17. வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே 245 மில்லிமீட்டர் இடைவெளி. நீளமான ஃபோர்க், பின்னால் மோனோஷாக், இரண்டு சக்கரமும் ஸ்போக்ஸ். ஹீரோவும் ஹோண்டாவும் பிரிந்த கையோடு ஹீரோ மோட்டோகார்ப் தன் பெயரில் இறக்கிய வண்டி அது. தார் ரோட்டுக்கும் மண் பாதைக்கும் சேர்த்தே கட்டி, சம்பளக்காரர் வாங்கும் விலையில் நம் நாட்டில் கிடைத்த டிரெயில் பைக் என்றால் அன்றைக்கு அது ஒன்றுதான். விற்பனை சூடுபிடிக்கவில்லை, சில ஆண்டுகளில் நிறுத்திவிட்டார்கள். 2019-இல் அதே கம்பெனி எக்ஸ்பல்ஸ் 200 கொண்டுவந்தபோதுதான் பலருக்கு இம்பல்ஸ் ஞாபகமே வந்தது.

அதைச் சாகச வண்டி என்று விற்றதுதான் தப்பு என்பது என் எண்ணம். மலைக்குப் போகிறவனுக்கு, லடாக் கனவு காண்கிறவனுக்கு என்று நினைத்தே வாங்கினார்கள். 150 சிசி மலையில் திணறியதும் கைவிட்டார்கள். இதன் உடன்பிறப்பு ஒன்று பிரேசிலில் இருக்கிறது. ஹோண்டா என்.எக்ஸ்.ஆர். 150 ப்ராஸ் என்று பெயர். அங்கே அது சாகச வண்டி இல்லை, உழைக்கிற வண்டி. பிரேசிலின் வடகிழக்கு மழை பொய்க்கும் முள்காட்டு பூமி. கழுதையிலும் குதிரையிலும் போய்க்கொண்டிருந்த ஆடுமாடு மேய்க்கும் ஆட்கள் இந்த மாதிரி வண்டிகளுக்கு மாறிவிட்டார்கள். நம் சீமைக்கருவேலம் அங்கேயும் பரவிக் கிடக்கிறது, அல்கரோபா என்கிறார்கள். அதே மரம், அதே முள், அதே புழுதி. அந்த மண்ணுக்குப் பொருந்திய வண்டி இந்த மண்ணுக்குப் பொருந்தாமல் போகுமா?

எதிர்க்கரையைப் பாருங்கள். தனுஷ்கோடிக்கு அந்தப் பக்கம், தலைமன்னாரில் தொடங்கி இலங்கை முழுக்க, டிரெயில் பைக் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஜப்பானிலிருந்து பழையதாக வந்து இறங்கிய ஹோண்டா எக்ஸ்.எல்., யமஹா டி.டி. வண்டிகளைப் பல பத்தாண்டுகளாகப் பிரித்துப் பிரித்துப் பூட்டி ஓட்டுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் தடை இருந்த காலத்தில் சின்னப் போத்தலில் துளி பெட்ரோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயிலேயே மோட்டார் சைக்கிள் ஓட்டிய சனம் அது. மண்டபம் அகதிகள் முகாமில் இருக்கும் பெரியவர்களிடம் கேட்டால் இன்றும் விவரமாகச் சொல்வார்கள். பழைய வண்டியை வாழவைக்கும் கைப்பழக்கம் நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது.

இனி வண்டிக்கு வருகிறேன். நம் ஊரில் ஓடிக் கெட்ட வண்டியைவிட நின்று கெட்ட வண்டிதான் அதிகம். உப்புக் காற்று படிந்த இரும்பு ராத்திரி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மறுநாள் வெயில் காய்ச்சினாலும் இடுக்கில் இருப்பது காயாது. என் வண்டி உச்சிப்புளிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், மோட்டார் ரூம் சுவரை ஒட்டி நின்றது. வெளியே பார்க்க அவ்வளவு மோசமில்லை. சக்கரத்தைக் கழற்றி, டயரை உரித்து, ரிம்முக்குள் ஒட்டியிருந்த ரப்பர் பட்டையை இழுத்தபோதுதான் உள்ளே இருந்த சங்கதி தெரிந்தது. ஸ்போக்ஸ் துளை வழியாக இறங்கிய தண்ணீர் பட்டைக்கு அடியில் தங்கி, இரும்பு ஏடு ஏடாக உரிந்து கையோடு வந்தது.

அதனால் சக்கரத்திலிருந்து தொடங்குங்கள் என்பேன். எல்லோரும் இன்ஜினைப் பிரிக்கத்தான் முதலில் ஆசைப்படுவார்கள். ஸ்போக்ஸின் நிப்பிள் ஒவ்வொன்றிலும் முதல்நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெய் விட்டு, மறுநாள் கால் சுற்று இறுக்கி, பிறகு அரைச் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். எடுத்த எடுப்பில் தளர்த்தப் போனால் தலை மழுங்கிவிடும். வராததை வெட்டி எடுத்துவிடுங்கள், பாவம் பார்க்க வேண்டாம். ரிம் உள்பக்கம் அரித்திருந்தால் புது ரிம்தான் போட வேண்டும். பெயிண்ட் அடித்து மறைத்த ரிம் குழியில் விழுந்த அன்றைக்குக் கைவிடும்.

கோட்டம் எடுக்கும் வேலையை நான் பைக் மெக்கானிக்கிடம் கொடுக்கவில்லை. ஒரு பழைய சைக்கிள் கடைப் பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் சக்கரத்தை அச்சில் மாட்டி, ஒரு சாக்குக்கட்டியை ரிம்முக்கு மயிரிழை தள்ளிப் பிடித்துக்கொண்டு மெல்லச் சுற்றினார். சாக்கு தீற்றிய இடத்தில் எதிர்ப்பக்க ஸ்போக்ஸை இறுக்குவார், அதே பக்கத்து ஸ்போக்ஸைத் தளர்த்துவார், பழைய தீற்றலைத் துணியால் துடைப்பார், மறுபடி சுற்றுவார். தீற்றல் நீளமாகிக்கொண்டே போய்க் கடைசியில் ரிம்மைச் சுற்றி ஒரே சீரான வெள்ளைக் கோடாக வந்தது. அப்புறம் ஒவ்வொரு ஸ்போக்ஸையும் விரல் நகத்தால் சுண்டிச் சத்தம் கேட்டார். ஒன்று மட்டும் மொத்தையாகச் சத்தம் கொடுத்தது. "இது வேலை செய்யாம சும்மா இருக்கு தம்பி, இதோட பாரத்தைப் பக்கத்துல ரெண்டும் சுமக்குது" என்றார். அரைச் சுற்று இறுக்கியதும் அதுவும் மற்றவற்றோடு சுருதி சேர்ந்துவிட்டது. இந்த மாதிரிக் கைகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. அவர்களிடம் வேலை கொடுங்கள், கேட்கும் கூலிக்கு மேல் கொடுங்கள்.

இன்ஜினுக்குப் பயப்பட வேண்டாம். ஹங்க், சிபிஇசட் எக்ஸ்ட்ரீம் வண்டிகளில் ஓடிய 149.2 சிசி குடும்பம்தான் இது. பிஸ்டன், ரிங், கிளட்ச் பிளேட் எல்லாம் மதுரையில் கேட்டுப் பார்க்கலாம். கழற்றிய பழைய சாமானைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். நின்றுபோன வண்டியில் பெரும்பாலும் இன்ஜினைவிட டேங்கும் கார்புரேட்டரும்தான் கெட்டிருக்கும். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊதவைக்கும். கடற்கரை ஊரில், பாதி டேங்க்கோடு மாசக்கணக்கில் நிறுத்திய வண்டிக்குள் என்ன நடக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். டேங்கைக் கழற்றித் துருநீக்கி ஊற்றிக் குலுக்கி, சோடா உப்புக் கரைத்த தண்ணீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை. பெட்ரோல் ஹோஸை ஒட்டுமொத்தமாக மாற்றுங்கள். அடுத்து நிறுத்திவைக்கும்போது கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்திப் பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

வயரிங்கில் பச்சைக் களிம்பு பூத்த கனெக்டர் ஒன்றையும் விடக் கூடாது. சுரண்டிச் சுத்தம் செய்து, கொஞ்சம் வாசலின் தடவிப் பூட்டினால் போதும். சேஸிஸோடு சேரும் எர்த் வயரைக் கழற்றி, அதன் அடியில் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்துப் பூட்டுங்கள். செல்ஃப் எடுக்கவில்லை, ஹெட்லைட் மங்கல், ஹாரன் முனகுகிறது என்ற குறைகளில் பாதி அங்கேயே தீரும்.

பெயிண்ட்டுக்குக் கடைசியில் போங்கள். இன்னும் சொன்னால், கீறலை அப்படியே விடுங்கள். பவுடர் கோட்டிங் போட்டே ஆக வேண்டுமென்றால் அதற்கு முன் ஒரு காரியம்: சேஸிஸ் நம்பர் இருக்கும் இடத்தைத் தேய்க்கவிடாமல், மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம்பர் தெளிவாகத் தெரியாவிட்டால் ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டி நின்றுவிடும். பதிவு முடிவதற்கு முந்தைய 60 நாளுக்குள் படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம். சத்தம் போடும் சைலன்ஸரை மாட்டிக்கொண்டு போகாதீர்கள்.

இவ்வளவும் செய்து எங்கே ஓட்டுவது என்று கேட்பீர்கள். 2017 ஜூலை 27-க்கு முன்னால் என்றால் தனுஷ்கோடி என்று சொல்லியிருப்பேன். அப்போது முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் நான்கு சக்கரமும் இழுக்கும் வேன்கள் மட்டும் மணலில் உறுமிக்கொண்டு போகும். இப்போது, 1964 டிசம்பர் புயலில் அழிந்த ரோட்டுக்குப் பதிலாக 9.5 கிலோமீட்டர் தார் ரோடு அரிச்சல்முனைவரை வந்துவிட்டது. நல்லது. பாட்டிமார்கூட முனைவரை போய்க் கடலைப் பார்க்கிறார்கள். டிரெயில் பைக்குக்கு அங்கே இனி வேலை இல்லை.

அதன் ராஜ்ஜியம் கண்மாய்க்கரை. தண்ணியில்லாக் காடு என்று பேரெடுத்த நம் மாவட்டத்தில், மழைநீரைப் பிடித்து வைக்க நம் முன்னோர் கட்டிய கரைகளை ஒட்டியும் அவற்றின் மேலும் ஊருக்கு ஊர் பாதை போகிறது. 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று பெயர்பெற்ற ஆர்.எஸ். மங்கலம் கண்மாய் நினைவிருக்கும். மூன்றாவது கியரில், ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று, முழங்காலைத் தளர்த்திக்கொண்டு கரைமேல் போகிறபோது ஒரு பக்கம் காய்ந்து வெடித்த கண்மாய் உள்வாய், மறுபக்கம் ஆயக்கட்டு. மாசி, பங்குனியில் போனால் முண்டு மிளகாய்க் களம் பார்க்கலாம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய். பாதையை மறித்துக் காயப்போட்டிருப்பார்கள்; இறங்கி ஓரமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள், மிளகாயில் டயர் தடம் விழக் கூடாது. நெடி மூக்கில் ஏறும். அடுத்த வளைவில் கரிமூட்டத்துப் புகை வரும். அந்த வாசனைகள் காருக்குள் வராது.

மண் பாதையில் வண்டி சின்னதாக இருப்பதன் அருமை அப்போது தெரியும். முன்சக்கரம் மணலில் இறங்கி ஆடும். ஹாண்டிலை இறுக்கிப் பிடித்து நேராக்கப் பார்த்தால் கவிழ்த்துவிடும். அண்டை வீட்டுக் கன்றுக்குட்டியைக் கயிற்றில் கூட்டிப்போகிற மாதிரி, கொஞ்சம் ஆடவிட்டு, போகிற திசையை மட்டும் நாம் வைத்துக்கொள்ள வேண்டும். பாரத்தைப் பின்னால் தள்ளி, ஆக்ஸிலேட்டரை மூடாமல், பத்தடி தள்ளிப் பார்க்காமல் ஐம்பதடி தள்ளிப் பார்த்துப் போனால் வண்டி தானே மேலெழுந்து மிதக்கும். சாயல்குடித் தேரியின் செம்மணலில் இந்த மிதப்பு வந்துவிட்டால் சிரிப்பு தானாக வரும். 13 குதிரைத்திறன் அதற்குத் தாராளம். மணலில் இறங்கும் முன் டயர் காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள். நம்முடையது ட்யூப் டயர் என்பதால் ரொம்பவும் இறக்கினால் ரிம்முக்குள் டயர் வழுக்கி வால்வை அறுத்துவிடும். தார் ஏறும்முன் மறுபடி அடிக்க ஒரு சைக்கிள் பம்ப் கூடவே இருக்கட்டும்.

சீமைக்கருவேல முள் ஏறாமல் இங்கே யாரும் டிரெயில் பைக் ஓட்ட முடியாது. பஞ்சர் ஒட்டிக் கொஞ்ச தூரம் போவதற்குள் மறுபடி காற்று இறங்குகிறது என்றால் முள்ளின் நுனி டயருக்குள் ஒடிந்து நிற்கிறது என்று அர்த்தம். விரலை விட்டுத் தேடினால் விரலைக் குத்தும், அப்படியும் பல நேரம் சிக்காது. ஒரு பிடி பஞ்சை எடுத்து டயரின் உள்பக்கம் முழுக்கத் தேய்த்துக்கொண்டு வாருங்கள். முள் இருக்கும் இடத்தில் பஞ்சு இழை மாட்டி நிற்கும். குறட்டால் உள்ளிருந்தே பிடித்து இழுத்துவிடலாம்.

கடற்கரை மணலில் மட்டும் இறங்க வேண்டாம். இதை உரிமையோடு சொல்கிறேன். மார்கழி, தை தொடங்கிச் சித்திரைவரை பங்குனி ஆமைகள் நம் கரையில் ஏறி முட்டையிடுகின்றன. முழ ஆழத்தில்தான் முட்டை இருக்கும். மேலே டயர் ஏறினால் மணல் இறுகும். பொரித்து வரும் குஞ்சு தடத்துக்குள் விழுந்தால் கடலுக்குப் போகும் வழி தெரியாமல் அதிலேயே அலையும், காகத்துக்கும் நாய்க்கும் இரையாகும். ஒரே ஒரு தடம் போதும் அதற்கு. வனத்துறை ஆட்கள் அந்த முட்டைகளைத் தேடி எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்க விடியுமுன் மைல்கணக்கில் நடக்கிறார்கள். அதே மணலில்தான் கரைவலை இழுக்கிறவர்களின் கயிறும் கிடக்கிறது. கோதண்டராமர் கோயில் பக்கத்துச் சேற்றுவெளியும் வேண்டாம். பூநாரை இறங்கும் இடம் அது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் இவை நான்கும் ராம்சர் பட்டியலில் ஏறிய நீர்நிலைகள். பறவைகள் கூடு கட்டும் காலமான ஐப்பசி முதல் மாசிவரை அந்தக் கரைகள் பக்கம் இன்ஜின் சத்தமே கேட்கக் கூடாது. மற்ற கண்மாய்க்கரை நமக்குப் போதும்.

கச்சான் காற்றுக் காலத்தில் பாம்பன் ரோட்டுப் பாலத்தில் ஏறும்போது கவனம். 2.345 கிலோமீட்டர் நீளத்துக்கும் பக்கவாட்டிலிருந்து காற்று தள்ளும். இம்பல்ஸ் உயரமான, எடை குறைந்த வண்டி என்பதால் இன்னும் கூடுதலாகத் தள்ளும். வேகத்தைக் குறைத்து, பஸ் கடக்கும் நேரத்தில் தயாராக இருங்கள்.

வீடு திரும்பியதும் உப்பைத் துடைத்துவிட வேண்டும். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி நம் வீட்டுப் பெண்கள் எவ்வளவு தூரத்திலிருந்து தண்ணீர் கொண்டுவருகிறார்கள் என்று நமக்குத் தெரியும். ஹோஸ் பிடித்துக் கழுவுவது இந்த மாவட்டத்தில் அடுக்காது. அரை வாளித் தண்ணீர், இரண்டு துணி போதும். ஸ்போக்ஸ், ஃபோர்க் குழாய், செயின் பக்கம், இன்ஜின் அடி, இந்த வரிசையில் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். மண்ணோடு சேர்ந்த பழைய எண்ணெய் ஸ்ப்ராக்கெட்டை அரத்தால் ராவுவது போல அரித்துவிடும், முதலில் மண்ணெண்ணெயில் அதைத் துடைத்தெடுங்கள்.

இனி உங்களிடம் என் வேண்டுகோள். இன்ஜின் சாமான் கிடைக்கிறது, ரிம் கிடைக்கிறது. கிடைக்காதது பிளாஸ்டிக். முன் மட்கார்டு, டேங்கின் இரண்டு பக்கத்து மூடிகள், சைடு பேனல், ஹெட்லைட் வைசர் இவையெல்லாம் வெயிலில் வெளுத்து நொறுங்கிக்கொண்டிருக்கின்றன. இதற்கு வழி நம் கடற்கரையிலேயே இருக்கிறது. பாம்பனிலும் மண்டபத்திலும் ஃபைபர் படகு பழுதுபார்க்கும் பட்டறைக்காரர்கள் கண்ணாடி இழையும் ரெசினும் வைத்துப் படகின் அடிப்பாகத்தையே அச்சில் வார்த்து எடுக்கிறவர்கள். மட்கார்டு அவர்களுக்கு அரைநாள் வேலை. உடையாத பேனல் ஒவ்வொன்று கிடைத்தால் அச்சு எடுத்துவிடலாம். அச்சு இருந்தால் மாவட்டத்தில் உள்ள எல்லா வண்டிக்கும் வார்த்துக்கொள்ளலாம். என்னிடம் முன் மட்கார்டும் வலது சைடு பேனலும் நல்ல நிலையில் இருக்கின்றன. இடது சைடு பேனலும் டேங்க் மூடிகளும் வைசரும் வேண்டும். வாடைக் காற்று ஓய்ந்து மாசி பிறந்ததும் பட்டறையில் கொடுப்பதாகப் பேசியிருக்கிறேன். வண்டியை விற்கத் தீர்மானித்தவர்கள்கூட அதற்கு முன் பேனலை மட்டுமாவது கழற்றிக் கொடுங்கள், அச்சு எடுத்ததும் திருப்பித் தருகிறேன். கழற்றும்போது திருகு துருப்பிடித்து நிற்கும், வலிந்து திருகினால் பிளாஸ்டிக் காது ஒடிந்துவிடும். இன்றைக்கே ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள்.

அன்புடன்,
ராமநாதபுரத்திலிருந்து ஓர் இம்பல்ஸ்காரன்